கம்பத்திலிருந்து பெட்டி வரை

‘இந்தப் பகுதி சிசிடிவி கேமரா கண்காணிப்பில் உள்ளது.’ தமிழ்நாட்டில் தெருப்பெயர்ப் பலகையைவிட இந்தப் பலகைதான் இன்று அதிகம் கண்ணில் படுகிறது என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். நகைக்கடை வாசல், பெட்ரோல் பங்க், ரேஷன் கடை, கோயில் உண்டியலுக்கு நேர் மேலே என்று எங்கும் இருக்கிறது. பலகை பளிச்சென்று இருக்கும். அண்ணாந்து பார்த்தால் ஒரு கேமரா சாலையைப் பார்க்கும், இன்னொன்று காற்றில் திரும்பி வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். பலகை மட்டும் இருந்து கேமராவே இல்லாத இடங்களும் உண்டு.

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களிடம் ஆவணப்படத்துக்குத் தலைப்பு கேட்டால் இந்தக் கேமராக்கள் எப்படியும் பட்டியலில் வந்துவிடும். திட்டமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். கீழிருந்து மேலே பார்க்கும் கோணத்தில் ஒரு கேமரா, பின்னால் திகில் இசை, ‘நம்மை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்று அடிக்குரலில் வர்ணனை, ஒரு வழக்கறிஞர், ஒரு காவல் அதிகாரி, முடிந்தது படம். கைதட்டல் கிடைக்கும். பார்த்தவர்களுக்கு முன்பே தெரியாத எதையும் அது சொல்லியிருக்காது.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே இருக்கும் உத்திரமேரூரில் இப்படியொரு படம் எடுக்க நினைப்பவர்கள் வேறு வழியில் தொடங்கலாம். கம்பத்தின் உச்சியில் இருக்கும் கேமராவை விட்டுவிட்டு, அதிலிருந்து இறங்கும் வயரைப் பிடித்துக்கொண்டே நடக்கலாம். அது எந்தக் கட்டடத்துக்குள் போகிறது? அங்கே இருக்கும் பெட்டி யாருடையது? திரையைப் பார்ப்பவர் யார், அல்லது யாருமே பார்ப்பதில்லையா? வாங்கிக் கொடுத்தவர் யார், பழுதானால் செலவு யார் தலையில்? உத்திரமேரூர் பேரூராட்சி, பேருந்து நிலையம், கடைத்தெரு, பெரிய ஏரி, பழங்கோயில்கள் எல்லாவற்றையும் ஒரு காலை வேளையில் நடந்தே சுற்றிவிடலாம். சென்னையில் இந்த வேலை நடக்காது. பத்தாவது கம்பத்திலேயே வயர் எங்கோ பாதாளத்தில் மறைந்துவிடும்.

முதல் வாரத்துக்குப் படப்பிடிப்பே வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும் கையால் வரைந்த ஊர் வரைபடமும் போதும். ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு புள்ளி வைத்து, காவல் துறையுடையதா, பேரூராட்சியுடையதா, வங்கி, கோயில், கடை, தனிவீடு இவற்றில் ஒன்றா என்று குறிக்க வேண்டும். எந்தத் திசையைப் பார்க்கிறது என்று அம்புக்குறி போட வேண்டும். அம்புக்குறி முக்கியம். சாலவாக்கம், பெருநகர், திருப்புலிவனம் என்று சுற்றுவட்டார ஊர்களுக்கும் இதே வரைபடத்தை விரித்தால் கேள்விகள் தாமாகவே வரும். ஊர்த் தெருவில் எத்தனை, தலித் மக்கள் வாழும் காலனியில் எத்தனை? காலனிக்குப் போகும் வழியில் ஒன்று இருந்தால் அது காலனி மக்களுக்குக் காவலா, அவர்கள் மேல் காவலா? இந்த வட்டாரத்தில் கல்குவாரிகள் ஏராளம். ஜல்லி லாரிகள் போகாத சாலை குறைவு. சங்கிலி பறித்தவன் பைக்கைப் பார்க்க வைத்த கேமரா அதே சாலையில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிப் பறக்கும் லாரியையும்தானே பார்க்கிறது? அந்தக் காட்சியை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றியிருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

எண்ணிக்கை விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. சென்னையில் ஏ.கே.விஸ்வநாதன் காவல் ஆணையராக இருந்தபோது, 2017க்குப் பிறகு, ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் 50 மீட்டருக்கு ஒரு கேமரா என்ற இலக்கோடு பெரும் வேகத்தில் கேமராக்கள் முளைத்தன. விளைவாக 2021இல் உலகப் பட்டியல்களில் சென்னை இடம்பிடித்தது. ஒரு நிறுவனத்தின் கணக்கில் சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்கள், உலகிலேயே முதலிடம். அதே ஆண்டு வெளியான இன்னொரு பட்டியலில் சதுர மைலுக்கு ஏறத்தாழ 610, டெல்லிக்கும் லண்டனுக்கும் அடுத்து மூன்றாமிடம். ஒரு சதுர மைல் என்பது ஏறத்தாழ 2.6 சதுர கிலோமீட்டர். அப்படியானால் முதல் கணக்கு இரண்டாவதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஒரே நகரம், ஒரே ஆண்டு! செய்தித்தாள்கள் இரண்டையும் தலைப்பாக்கின. சொந்தக் காலால் நடந்து எண்ணிய உத்திரமேரூர்க் கணக்கு, அது வெறும் நாற்பது என்றே வந்தாலும், இவற்றைவிட நம்பகமானது.

பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களில் கேமரா வைக்கத் தமிழ்நாடு அரசு 2012 இறுதியிலேயே விதி செய்தது. ஆனால் சிற்றூர்களுக்குக் கேமரா வந்த வழி பெரும்பாலும் வேறு. காவல் நிலையத்தில் வணிகர்களை அழைத்துக் கூட்டம் போடுவார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். பக்கத்தில் தொழிற்சாலை இருந்தால் அதன் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்பார்கள். அப்புறம் ரிப்பன் வெட்டு. ‘ஒரு கேமரா பத்துப் போலீசுக்குச் சமம்’ என்று மேடையில் ஒருவர் சொல்வார். அடுத்தவர் அதை நூறாக்குவார். கோயில் ட்யூப் லைட்டில் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு ‘உபயம்’ எழுதும் நம் ஊரில், உபயக் கேமராவுக்கும் படம் மாலை எல்லாம் உண்டு. மூன்றாம் ஆண்டு ஹார்ட் டிஸ்க் செத்துப்போகும்போது புதிதாக மாற்றித் தர எந்த உபயதாரரும் வருவதில்லை என்பதுதான் சங்கடம். திறப்பு விழாப் புகைப்படத்தையும் அதே கம்பத்தின் இன்றைய நிலையையும் அடுத்தடுத்துக் காட்டினால் வர்ணனையே தேவைப்படாது.

வயர் கடைசியில் போய்ச் சேரும் பெட்டிக்கு டி.வி.ஆர். என்று பெயர். நெட்வொர்க் கேமரா என்றால் என்.வி.ஆர். படத்தின் கதாநாயகன் உண்மையில் இதுதான். சாதாரண 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று நொடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 21.6 ஜிபி ஆகும். நான்கு கேமராவுக்கு 86 ஜிபி. 1 டெராபைட் டிஸ்க் போட்டிருந்தால் பதினோரு நாள் சொச்சம் தாங்கும். அதன் பிறகு பெட்டி தானாகவே பழைய காட்சியின் மேல் புதியதை எழுதத் தொடங்கிவிடும். எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்பது அந்தப் பெட்டிக்குள் ஒரு செட்டிங். அந்த செட்டிங்கை முடிவு செய்வது யார் என்பது தொழில்நுட்பக் கேள்வி போலத் தெரியும். அது எவ்வளவு பெரிய அரசியல் கேள்வி என்பதைத் தமிழ்நாடு 2020இல் பார்த்தது.

அந்த ஆண்டு ஜூன் 19 மாலை, தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் கடை மூடும் நேரத்தை ஒட்டி எழுந்த பிரச்சினையில் ஜெயராஜ் என்ற வியாபாரியைப் போலீசார் அழைத்துப் போனார்கள். தேடிப் போன மகன் பென்னிக்ஸும் உள்ளே வைக்கப்பட்டார். சில நாட்களில் இருவருமே இறந்தார்கள். கடையில் கூட்டம் கூடியிருந்தது, திட்டினார்கள், தரையில் உருண்டார்கள் என்று முதல் தகவல் அறிக்கை சொன்னது. அக்கம்பக்கத்துக் கடைக் கேமராவின் காட்சியோ அதற்கு நேர்மாறாக இருந்தது. சரி, காவல் நிலையத்துக்குள் இருந்த கேமரா? விசாரணைக்குப் போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அளித்த அறிக்கையில், டிஸ்க் 1 டெராபைட் இருந்தும் அன்றன்றைய பதிவு அன்றன்றே அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்ததைக் குறிப்பிட்டார். இடம் இருந்தது, காட்சி இல்லை. தெருவில் ஒரு தனியார் கேமரா சாட்சி சொன்னது. நிலையத்துக்குள் அரசின் கேமரா வாயடைத்துப்போனது. கேமரா மக்களுக்கு நண்பனா பகைவனா என்று பட்டிமன்றம் நடத்தும் படங்கள் இந்த ஓர் இரவைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தால் நல்லது.

அதே ஆண்டு டிசம்பர் 2இல், பஞ்சாப் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியும் இரவுக் காட்சியும் பதியும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. உத்திரமேரூர்க் காவல் நிலையப் பெட்டியில் இன்று எத்தனை நாள் காட்சி இருக்கிறது? பத்து ரூபாய்க்குக் கேட்கக்கூடிய கேள்வி இது. தகவல் உரிமைச் சட்ட மனுவில் பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தபாலில் அனுப்பினால் 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். காவல் துறைக்கு ஒன்று, பேரூராட்சிக்கு ஒன்று. கேமரா எத்தனை, வாங்கிய தேதி, செலவு யாருடையது, பராமரிப்பு ஒப்பந்தம் உண்டா, இன்று எத்தனை வேலை செய்கிறது, பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் யார் பார்க்கலாம்? மனுவைப் படப்பிடிப்புக்கு ஒன்றரை மாதம் முன்பே போட்டுவிட வேண்டும். மேல்முறையீட்டுக்கும் காலம் ஒதுக்க வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கையான முடிச்சு இருக்கிறது. பதில் சொல்ல 30 நாள். காட்சி உயிரோடு இருப்பது, நம் கணக்குப்படி, பதினோரு நாள். ஆக, ஒரு பொதுக் கேமராவின் குறிப்பிட்ட காட்சியை வேண்டுமென்று கேட்பவர், அதை அழிக்காமல் எடுத்து வைக்கும்படியும் அதே கடிதத்தில் உடனே எழுத வேண்டும். கேட்டாலும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பிறர் முகமும் அதில் இருப்பதால் தனிநபர் தகவல் என்று மறுக்க வழி உண்டு. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் அந்தப் பிரிவைத் திருத்தி, மறுப்பை இன்னும் எளிதாக்கிவிட்டது.

இந்த முடிச்சையே படமாக்கியவர் ஒருவர் உண்டு. லண்டனில் வாழ்ந்த மனு லுக்ஷ் என்ற ஆஸ்திரியக் கலைஞர், தெருக் கேமராக்களின் முன்னால் தானே நடந்து, அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பத்து பவுண்டு கட்டித் தன் காட்சிகளைக் கேட்டு வாங்கினார். நாற்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது அன்றைய அங்கத்திய விதி. அவர் முகம் மட்டும் தெளிவாக, மற்றவர்கள் முகமெல்லாம் மறைக்கப்பட்டுக் காட்சிகள் வந்தன. முகமில்லாத மனிதர்கள் வாழும் நகரத்தில் முகத்தோடு எழும் ஒரு பெண் என்று அதையே கதையாக்கினார். ‘ஃபேஸ்லெஸ்’, 2007. சீனக் கலைஞர் ஷூ பிங் 2017இல் எடுத்த ‘டிராகன்ஃபிளை ஐஸ்’ படத்தில் ஒளிப்பதிவாளரே கிடையாது. முழுவதும் கண்காணிப்புக் கேமராக் காட்சிகளாலான கதைப்படம். விலை உயர்ந்த கேமரா இல்லையே என்று ஏங்கும் மாணவர்கள் இந்த இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நியூயார்க்கில் 1996இல் சிலர் சேர்ந்து கண்காணிப்புக் கேமராவின் முன்னால் நின்று நாடகம் போட்டார்கள். கேமராவில் ஒலி பதியாது என்பதால் வசனங்களை அட்டையில் எழுதிப் பிடித்தார்கள். காஞ்சிபுரம் வட்டாரம் தெருக்கூத்தின் தாய்நிலம். திரௌபதியம்மன் திருவிழாவில் விடிய விடியப் பாரதக் கூத்து நடக்கும் ஊர்கள் இவை. பேருந்து நிலையக் கேமராவின் முன்னால் ஒரு துச்சாதனன் கிரீடமும் புஜக்கட்டையுமாக அடவு போட்டுச் சுற்றினால், மிருதங்கமும் முகவீணையும் கேட்காத அந்தக் காட்சி பெட்டிக்குள் எப்படிப் பதிந்திருக்கும்? கூத்துக் கலைஞருக்கு உரிய சன்மானம் கொடுத்து, முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, இதைச் செய்து பார்க்கலாம். காட்சி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், கேட்டு எழுதிய கடிதங்களும் வந்த பதில்களுமே படத்துக்கு நாடகம்.

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வேறொரு பெட்டி, அதாவது குடம். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும், வெட்டிய கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலின் விதிகளைச் சொல்கின்றன. முப்பது குடும்புகள், அதாவது வார்டுகள். உறுப்பினராகத் தகுதி: 35 வயதுக்கு மேல், 70க்குள், சொந்த மனையில் வீடு, வரி கட்டும் நிலம், வேதப் படிப்பு. இது நிலமுடைய பிராமண ஆண்களின் சபை. பள்ளிப் பாடம் இதை மக்களாட்சி என்று கொண்டாடும்போது, உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அதில் பெயர் இல்லை என்பதை வசதியாக மறந்துவிடும். ஆனால் ஒளிவுமறைவு கூடாது என்பதில் அந்த விதிகள் காட்டும் கண்டிப்பு வியப்பானது. குடத்தைச் சபை நடுவே எல்லோரும் பார்க்க வைக்க வேண்டும். ஓலையை எடுப்பது விவரம் அறியாத ஒரு சிறுவன். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமல்ல, அவருடைய உறவினருக்கும் தேர்தலில் இடமில்லை.

இதை வெறும் பழம்பெருமைக் காட்சியாக்கி, புல்லாங்குழல் இசையோடு கடந்துபோவது எளிது. சண்டிகர் மேயர் தேர்தலோடு சேர்த்து வெட்டினால் விஷயமே வேறு. 2024 ஜனவரி 30 அன்று அங்கே வாக்குகளை எண்ணிய அதிகாரி வாக்குச்சீட்டுகளில் ஏதோ கிறுக்குவதும் இடையில் நிமிர்ந்து கேமராவைப் பார்ப்பதும் பதிவாகியிருந்தது. எட்டுச் சீட்டுகளைச் செல்லாதென அறிவித்திருந்தார். உச்ச நீதிமன்றம் அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்து, பிப்ரவரி 20 அன்று முடிவை மாற்றித் தோற்றவரை வென்றவராக அறிவித்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே, ஹரியானா வாக்குச்சாவடிக் காட்சிகளைக் கொடுக்கச் சொல்லி ஓர் உயர் நீதிமன்ற உத்தரவு வந்த சில நாட்களில், தேர்தல் நடத்தை விதிகளின் 93ஆம் விதி திருத்தப்பட்டு வாக்குச்சாவடிக் கேமராக் காட்சி பொதுமக்கள் பார்வைக்கு இல்லை என்றானது. வாக்காளர்களின் அந்தரங்கத்தைக் காக்க என்பது சொல்லப்பட்ட காரணம். தெருவில் நடக்கும் குடிமகனின் காட்சிக்கு இதே அக்கறை உண்டா என்று மண்டபச் சுவரின் முன்னால் நின்று ஒரு மாணவி கேட்டால், அந்த இடத்தில் படம் கச்சிதமாக உட்கார்ந்துவிடும்.

கேமராவால் குற்றம் குறைகிறதா? படத்தில் எல்லோரும் கேட்கப்போவது இதைத்தான். 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டபோது நிலையத்தில் கேமராவே இல்லை. பக்கத்துத் தெருக் காட்சிகளை வைத்துத்தான் தேடல் நடந்தது. ரயில் நிலையங்களுக்குக் கேமரா வேண்டும் என்ற குரல் அதன் பிறகு பலமாக எழுந்தது. மாலைப் பேருந்துக்குக் காத்திருக்கும் மாணவிகளும், பைக்கைத் தொலைத்தவரும், ஆடு பறிகொடுத்தவரும் கேமரா வேண்டும் என்றே சொல்வார்கள். அவர்களை மடக்க நினைக்காமல் கேட்க வேண்டும். ஆய்வு சொல்வது நடுவில் நிற்கிறது. எரிக் பிசாவும் உடன் ஆய்வாளர்களும் நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி 2019இல் வெளியிட்ட மதிப்பாய்வின்படி, கேமரா உள்ள இடங்களில் குற்றம் சராசரியாக 13 சதவீதம் குறைந்தது. வாகன நிறுத்துமிடங்களில் பலன் நன்றாகத் தெரிந்தது. வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. பேருந்து நிலைய சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பலன் உண்டு. குடித்துவிட்டு அடிப்பவனுக்குக் கேமரா ஒரு பொருட்டல்ல.

முகம் அறியும் மென்பொருளை இதில் குழப்பிக்கொள்ளக் கூடாது. கடைத்தெருவின் 2 மெகாபிக்சல் கேமராவில் இரவில் அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், திரையில் வலை மட்டும் வெள்ளையாகத் தெரியும். அது யாரையும் அடையாளம் காணாது. மறுபக்கம், தமிழ்நாடு காவல் துறை 2021 அக்டோபரில் அறிமுகப்படுத்திய முகமறிதல் செயலி ரோந்துக் காவலரின் கைப்பேசியிலேயே இருக்கிறது. தெருவில் நிறுத்தப்பட்டவரின் முகம் அதில் ஒப்பிடப்படும். 2024 மே மாதத்தில் அந்தத் தளத்துக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்ற செய்தி வெளியானது. முகமறிதல் மென்பொருளைப் பற்றி அறிய விரும்புவோர் ஷாலினி கந்தய்யாவின் ‘கோடட் பயஸ்’ ஆவணப்படத்தைப் பார்க்கலாம். ஆணா பெண்ணா என்று முகம் பார்த்துச் சொல்லும் மென்பொருள்களில் ஒன்று கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை தவறியதைக் கண்டுபிடித்த ஜாய் புவோலம்வினியின் கதை அது. நம் ஊர் முகங்களில் இந்தக் கணக்கு எப்படி வரும் என்ற கேள்வி உத்திரமேரூருக்கு அந்நியமானதல்ல.

மாணவர்களும் கையில் கேமராவோடுதான் திரியப்போகிறார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. கைப்பேசியில் எடுப்பது வேறு, முக்காலியும் விளக்கும் வைப்பது வேறு, அதற்கு முன்அனுமதி வேண்டும். கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் மதுரைக் கிளை உத்தரவிட்டதையும் நினைவில் வைக்க வேண்டும். கடைக்காரர் அன்போடு டீ வாங்கிக் கொடுத்து, ‘இதப் பாருங்க தம்பி’ என்று ஒரு சண்டைக் காட்சியைக் கைப்பேசியில் அனுப்பித் தருவார். அதில் உள்ளவர்கள் சம்மதிக்காமல் படத்தில் சேர்க்கக் கூடாது. குழந்தை இருந்தால் பேச்சே இல்லை. 2025 பிப்ரவரியில் குஜராத்தில் ராஜ்கோட் மருத்துவமனை ஒன்றின் கேமராக் காட்சிகள் இணையத்தில் விலைக்குப் போனது வெளியானபோது, கடவுச்சொல்லாக எல்லோரும் ஊகிக்கக்கூடிய ‘அட்மின்123’ இருந்தது தெரியவந்தது. பெட்டியைக் காட்டும் காட்சியில் திரையில் ஓடும் கடவுச்சொல், ஐ.பி. எண் எதுவும் படத்தில் பதிந்துவிடாமல் பார்த்துக்கொள்வது ஒளிப்பதிவாளரின் வேலை.

பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் போதும். ஒலிக்கு ஒரு காலர் மைக் கட்டாயம். பேருந்து நிலையத்தில் ஹாரன்தான் பேசும். எங்கே திரையிடுவது என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும். இயக்குநர் திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு 2017இல் சில ஊர்களில் திரையிட அனுமதி மறுக்கப்பட்டபோது, அது யூடியூபில் வெளியாகி லட்சக்கணக்கானோரைச் சென்றடைந்தது. சுற்றுவட்டார ஊராட்சிகளில் அக்டோபர் 2 கிராம சபை முடிந்த மாலையில் ஒரு வெள்ளைத் துணி கட்டிப் போட்டால், கேமராவுக்கு நிதி ஒதுக்கியவர்களும் அதில் நடந்து போகிறவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அதற்கு முன், சம்மதப் படிவத்திலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்: படத்தில் சேராத மீதிக் காட்சிகள் யாரிடம் இருக்கும், எத்தனை நாள் இருக்கும், எப்போது அழிக்கப்படும்.